இரண்டு பாக்கெட்டுகளை ஒரே மேசையில் வைக்காதீர்கள்

பினாங்கு லெபோ பாசார், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ் வட்டாரங்களின் இந்திய வணிகர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களே, செயலாளர்களே, வணக்கம்.

லேபிளும் பெயர்ப்பலகையும் வடிவமைப்பவர்களும், வர்த்தக முத்திரைப் பதிவு வேலை பார்ப்பவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். உங்கள் உறுப்பினர்களுக்குள் "என் லோகோவைக் காப்பியடித்துவிட்டான்" என்று சண்டை வரும்போது, கோர்ட்டுக்குப் போகாமல் சங்கத்திலேயே பேசித் தீர்க்க நீங்கள் முயல்கிறீர்கள். அதை மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் தீர்க்கும் முறையில் ஒரு பெரிய பிழை பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. இரண்டு பாக்கெட்டுகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். வித்தியாசங்களை எண்ணுகிறார்கள். மூன்றோ நான்கோ தேறினால் "வேறதான், விட்டுடுங்க" என்று முடித்துவிடுகிறார்கள். "மூன்று மாற்றம் செய்தால் போதும்", "முப்பது சதவீதம் மாற்றினால் கேஸ் நிற்காது" என்ற பேச்சுகள் இப்படித்தான் கடைக்குக் கடை பரவுகின்றன. அப்படி ஒரு விதி மலேசியச் சட்டத்தில் எங்கும் இல்லை. இங்கிலாந்திலோ சிங்கப்பூரிலோகூட இல்லை.

இப்போது நடப்பில் உள்ளது 2019ஆம் ஆண்டு வர்த்தக முத்திரைச் சட்டம், சட்ட எண் 815. அந்த ஆண்டு டிசம்பர் 27 அன்று அமலுக்கு வந்தது. மீறல் எது என்று சொல்வது 54ஆம் பிரிவு. பதிவான முத்திரையை அப்படியே, பதிவான அதே பொருளுக்கோ சேவைக்கோ பயன்படுத்தினால் குழப்பம் ஏற்பட்டதா என்ற கேள்வியே எழாது. முத்திரை ஒத்ததாக இருந்தாலோ, பொருள் ஒத்ததாக இருந்தாலோ, அதனால் பொதுமக்கள் குழம்ப வாய்ப்பிருந்தால் அது மீறல். பழைய 1976 சட்டம் பதிவில் எழுதிய பொருள்களோடு நின்றுவிட்டது. புதிய சட்டம் அவற்றை ஒத்த பொருள்களுக்கும் போகிறது. ஆகவே பத்து வருடத்துக்கு முன் வக்கீல் சொன்னதை வைத்து இன்று யோசனை சொல்லாதீர்கள்.

குழம்புகிறவர் யார் என்பதில்தான் மேசை முறை தவறிப்போகிறது. அவர் சங்க மண்டபத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அல்ல. கடையில் அவசரமாக நிற்பவர். அவர் கையில் ஒரு பாக்கெட்தான் இருக்கும். இன்னொன்று போன மாதம் வீட்டில் பார்த்தது, ஞாபகத்தில் அரைகுறையாக மட்டும் இருக்கும். நீதிமன்றங்கள் "குறைபட்ட நினைவு" என்று சொல்வது இதைத்தான். 1945இல் இங்கிலாந்தில் காலுறைகளுக்கான அரிஸ்டாக், ரிஸ்டா என்ற இரண்டு பெயர்கள் மோதிய வழக்கில் இந்தக் கருத்து தெளிவாகப் பதிவானது. பேச்சுப் பயிற்சி ஆசிரியரைப் போல எழுத்தெழுத்தாக, அசையசையாக உச்சரித்துப் பார்ப்பதில் பயனில்லை, சாதாரண மனிதர் அலட்சியமாக உச்சரிப்பதையும் அரைகுறையாக நினைவு வைப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அதற்கும் முன்னால் 1906இல் வந்த பியானோட்டிஸ்ட் வழக்கின் வழிகாட்டுதலை இன்றும் நம் நீதிமன்றங்கள் எடுத்தாளுகின்றன. இரண்டு சொற்களையும் பார், அவற்றின் தோற்றத்தையும் ஒலியையும் எடைபோடு, எந்தச் சரக்குக்கு வைக்கப்படுகின்றன என்று பார், அதை வாங்குகிறவர் எப்படிப்பட்டவர் என்று பார், சந்தையின் சூழ்நிலை முழுவதையும் சேர்த்துப் பார். பியானோலா, நியோலா என்ற அந்த இரண்டு பெயர்களும் குழப்பாது என்றுதான் தீர்ப்பானது. தானாக வாசிக்கும் பியானோக் கருவி விலையுயர்ந்த சரக்கு, யோசித்து வாங்குவார்கள். இதே அளவு ஒற்றுமை மூன்று ரிங்கிட் மிளகாய்த்தூள் பாக்கெட்டில் இருந்திருந்தால் முடிவு வேறாகியிருக்கலாம். தங்கச் சங்கிலி வாங்குகிறவர் கடைப்பெயரை இரண்டு தரம் படிப்பார். மல்லித்தூள் வாங்குகிறவர் படிக்க மாட்டார். மலிவான, அடிக்கடி வாங்கும் சரக்கில் ஒற்றுமையின் எல்லை இறுக்கமாக இருக்கும் என்று உறுப்பினர்களிடம் சொல்லுங்கள். நம்மவர் தொழிலில் பெரும்பங்கு அப்படிப்பட்ட சரக்குதான்.

படத்தை எப்படி ஒப்பிடுவது என்று ஒரு கற்பனை உதாரணத்தில் காட்டுகிறோம். ஒருவர் மல்லித்தூளுக்கு மஞ்சள் பாக்கெட் போட்டு, நடுவில் சிவப்பு வட்டம், அதற்குள் தோகை விரித்து இடப்பக்கம் பார்க்கும் மயில், மேலே "மயில்" என்ற பெயர் என்று பதிவு செய்திருக்கிறார் என வைத்துக்கொள்வோம். இன்னொருவர் பச்சை பாக்கெட், நீள்வட்டம், தோகை மடக்கி வலப்பக்கம் பார்க்கும் மயில், "மயூரா" என்ற பெயர் என்று சந்தைக்கு வருகிறார். மேசையில் வைத்து எண்ணினால் நிறம், வட்டம், தோகை, திசை, பெயர் என்று ஐந்து வித்தியாசம். ஆனால் வீட்டில் பாட்டி பேரனிடம் எப்படிச் சொல்லி அனுப்புவார்? "மயில் படம் போட்ட மல்லித்தூள் வாங்கிட்டு வா." மலாய்க்கார சமையற்காரர் கடையில் "சாப் மெராக்", அதாவது மயில் மார்க், என்று கேட்பார். அந்தச் சொல்லுக்கு இரண்டு பாக்கெட்டும் பொருந்தும். எண்ணிய ஐந்து வித்தியாசத்தில் ஒன்றுகூட அவர் நினைவில் தங்கப்போவதில்லை. படத்தைப் பார்த்தவர் அதை எந்தச் சொல்லால் கூப்பிடுவார் என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே சொல் வந்தால் ஆபத்து என்று வைத்துக்கொள்ளலாம்.

இது நம் பகுதிக்காக நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த வாதம் அல்ல. 1882இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்த்த ஜான்ஸ்டன் எதிர் ஓர் யூயிங் வழக்கு இதே மாதிரியானது. பம்பாய்க்கும் ஏடனுக்கும் போன நூல் கட்டுகளில் ஒருவர் இரட்டை யானை லேபிள் ஒட்டியிருந்தார். கடைத்தெருவில் அந்த நூலுக்கு இரட்டை யானை என்றே பெயர் நின்றுவிட்டது. போட்டியாளரும் விவரங்களை மாற்றி இரண்டு யானை போட்ட லேபிளோடு வந்தார். மொத்த வியாபாரிகள் ஏமாறமாட்டார்கள் என்பது தற்காப்பாக எடுபடவில்லை, கடைசியாக வாங்கும் சாதாரண மனிதர் ஏமாறுவார் என்பதே நின்றது. பல மொழி பேசுகிறவர்கள் ஒரே கடையில் நிற்கும் பினாங்கு, கோலாலம்பூர் சந்தையில் இது இன்றும் அப்படியே பொருந்தும். லேபிளில் உள்ள எழுத்தைப் படிக்காதவருக்குப் படமே பெயர்.

ஆனால் மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் உங்கள் உறுப்பினர்களுக்கு நாங்கள் நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம். மசாலா வரிசையில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் நெடுங்காலமாக மயில் போட்டு விற்றுக்கொண்டிருந்தால், மயில் என்ற எண்ணம் எவருக்கும் தனிச்சொத்து ஆகாது. அப்போது வாங்குபவர்களே தோகையையும் நிறத்தையும் பெயரையும் பார்த்து வேறுபடுத்தப் பழகியிருப்பார்கள். சின்ன வித்தியாசத்துக்கும் மதிப்பு வந்துவிடும். லட்சுமி, முருகன், வேல், தாமரை, குத்துவிளக்கு எல்லாவற்றிலும் இதுதான் நிலை. ஆகவே படத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது. அந்த வகைப் பொருளில் அதே படம் பதிவேட்டில் எத்தனை இருக்கிறது, கடை அலமாரியில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிவிட்டுத்தான் பேச வேண்டும். நாங்கள் எண்ணச் சொல்வது இதை மட்டுந்தான்.

பெயருக்கு வருவோம். ஒலி விஷயத்தில் தமிழ்ப் பெயர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சாந்தி என்ற ஒரே பெயரை ரோமன் எழுத்தில் நான்கு விதமாக எழுதலாம். முதலில் எஸ் மட்டும் போடலாம், எஸ்எச் போடலாம். பின்னால் டி மட்டும் போடலாம், டிஎச் போடலாம். எழுத்தை மாற்றியதால் பெயர் மாறிவிட்டது என்று கொண்டுவரும் உறுப்பினரிடம் இரண்டையும் போனில் சொல்லச் சொல்லுங்கள். காதுக்கு ஒன்றுதான். பதிவேட்டுத் தேடலில் ஒரு எழுத்துக்கூட்டலை மட்டும் தட்டிப் பார்த்து "யாரும் இல்லை" என்று சொல்லும் ஏஜெண்டுகளாலும் இதே சிக்கல் வருகிறது. P-யும் B-யும், K-யும் G-யும், V-யும் W-யும், ஒற்றை எழுத்தும் இரட்டை எழுத்தும் எல்லாம் மாற்றி மாற்றித் தேட வேண்டும். தமிழ் எழுத்தில் விண்ணப்பித்தாலும் மொழிபெயர்ப்பும் ரோமன் எழுத்துப்பெயர்ப்பும் சேர்த்துத் தர வேண்டியிருப்பதால், எழுத்து மாறியது மட்டும் காப்பாற்றாது.

சொல்லின் தொடக்கத்துக்குப் பொதுவாக எடை அதிகம். கடைசி அசையை விழுங்கிப் பேசுவது வழக்கம் என்பதால் முதல் அசைதான் காதில் நிற்கிறது என்று 1925இல் ஒரு மசகெண்ணெய்ப் பெயர் வழக்கில் சொன்னார்கள். ட்ரிப்காஸ்ட்ராய்டு என்ற பெயருக்குக் காஸ்ட்ரால் தரப்பு எதிர்ப்புத் தெரிவித்துத் தோற்றது. இதை நம் கடைப்பெயர்களுக்கு அப்படியே போட முடியாது. "ஸ்ரீ" என்றோ "ரெஸ்டோரான்" என்றோ "நாசி கண்டார்" (குழம்புச் சோற்றுக் கடை) என்றோ தொடங்கும் பெயரில் அந்தத் தொடக்கம் எல்லோருக்கும் பொது. அதை அடித்துவிட்டு, மிச்சம் நிற்கும் சொல்லை ஒப்பிட வேண்டும். பினாங்கு நாசி கண்டார் கடைகளில் மிச்சம் நிற்பது பெரும்பாலும் ஒரு ஆள் பெயர். அந்தப் பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டிவிட்டு மற்றதெல்லாம் பொதுச்சொல் என்று வாதாடினால் எடுபடாது.

பெயரின் அர்த்தமும் ஒப்பிடப்படும். 2010இல் வெளியான டானோன் எதிர் ஹவா தாய் வழக்கு பிஸ்கட் பற்றியது. சிப்ஸ்மோர் என்ற பதிவான பெயருக்கு எதிராகச் சிப்ஸ்பிளஸ் வந்தது. உயர் நீதிமன்றம் சிப்ஸ்மோர் தரப்புக்கே சாதகமாகத் தீர்த்தது. மோர், பிளஸ் இரண்டுக்கும் எழுத்தில் ஒற்றுமை இல்லை, ஒலியிலும் இல்லை. "கூடுதல்" என்ற எண்ணம்தான் ஒன்று. பெயரைத் தமிழிலிருந்து மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றி வைத்துவிட்டுத் தப்பித்ததாக நினைக்கும் உறுப்பினர்களுக்கு இந்த வழக்கைச் சொல்லுங்கள்.

இனி மெக்கரி உணவக வழக்கு. ஜாலான் ஈப்போ கடையை மெக்டொனால்ட்ஸ் வழக்கில் இழுத்து, கடைசியில் தோற்ற கதை நம்மவர் எல்லோருக்கும் தெரியும். 2006இல் உயர் நீதிமன்றத்தில் மெக்டொனால்ட்ஸ் ஜெயித்தது, 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பியது, அந்த ஆண்டு செப்டம்பர் 8இல் கூட்டரசு நீதிமன்றம் மேலும் முறையிட அனுமதி மறுத்தது. நமக்குப் பெருமையான வெற்றிதான். ஆனால் அதிலிருந்து "பாதிப் பெயரை எடுத்துக்கொள்ளலாம்" என்று பாடம் எடுப்பவர்கள் தவறான பாடம் எடுக்கிறார்கள். அது பதிவு முத்திரை மீறல் வழக்கே அல்ல. பாசிங் ஆஃப், அதாவது பிறருடைய நற்பெயரில் தன் சரக்கை விற்றதாகச் சொல்லும் வழக்கு. அதில் கடையின் முழுத் தோற்றத்தையும் பார்ப்பார்கள். இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தி நிற்கும் கோழிப் படம், "மலேசியன் சிக்கன் கரி" என்ற வாசகம், உள்ளூர் சாப்பாட்டுப் பட்டியல், மெனுவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் "மெக்" ஒட்டாமல் விட்டது, வருகிற வாடிக்கையாளர்கள் யார் என்பதெல்லாம் சேர்ந்து மெக்கரியைக் காப்பாற்றின. மீறல் வழக்கில் ஒப்பீடு முத்திரைக்கும் முத்திரைக்கும் இடையில்தான் முதன்மையாக நடக்கும். "கீழே என் கம்பெனி பெயர் போட்டிருக்கிறேனே" என்பது பாசிங் ஆஃபில் உதவலாம், மீறலில் பெரிதாக உதவாது. உங்கள் முன் வரும் சண்டை எந்த வகை என்று முதலில் கேளுங்கள். பதிவுச் சான்றிதழ் இருந்தால் ஒரு வழி, இல்லாவிட்டால் வேறு வழி.

சரக்கு ஒத்ததா என்பது அடுத்த கேள்வி. இதில் பலர் நைஸ் வகை எண்ணை, அதாவது சரக்குகளையும் சேவைகளையும் பிரிக்கும் சர்வதேசப் பட்டியலின் எண்ணை, மட்டும் பார்க்கிறார்கள். மசாலா 30, ஊறுகாய் 29, நகை 14, ஆடை 25, உணவகம் 43 என்பது பதிவு அலுவலக வசதிக்கான பிரிவு. ஒரே எண் என்பதால் ஒத்ததாகிவிடாது, வேறு எண் என்பதால் வேறாகியும் விடாது. சரக்கு எதற்குப் பயன்படுகிறது, எந்த வழியாக விற்பனைக்கு வருகிறது, சூப்பர் மார்க்கெட்டில் எந்த அலமாரியில் நிற்கிறது, ஒன்றுக்கு மாற்றாக மற்றதை வாங்குவார்களா என்று பார்க்க வேண்டும். 1946இல் செருப்புக்கும் செருப்புப் பாலிஷுக்கும்கூட ஒரே வகைச் சரக்கு அல்ல என்று தீர்ப்பானது. ஊறுகாயும் மசாலாவும் வேறு எண்ணில் இருந்தாலும் ஒரே அலமாரி, ஒரே வாடிக்கையாளர்.

ஆகவே சங்கத்தில் ஒரு புகார் வந்தால் இப்படிச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். முதல் நாள் புகார் தந்தவரின் சான்றிதழை மட்டும் வாங்குங்கள். என்ன பதிவாகியிருக்கிறது, எழுத்தா படமா இரண்டுமா, எந்தப் பொருள்கள், முத்திரையின் எந்தப் பகுதிக்கு உரிமை கோரவில்லை என்ற குறிப்பு இருக்கிறதா, பத்து வருடத் தவணை முடிந்து புதுப்பித்தார்களா என்று பாருங்கள். எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவைக் கொண்டுவந்து நீட்டினால் அது முத்திரை உரிமை அல்ல. கோலாலம்பூர் மாநகராட்சியான டிபிகேஎல் கொடுத்த பெயர்ப்பலகை உரிமமும் அல்ல. பிறகு முத்திரையை இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்பு வெள்ளையில் அச்செடுங்கள், ஏனென்றால் நிறத்தை வரையறுக்காமல் பதிந்த லோகோவுக்கு எதிராக நிறம் மாற்றியது நல்ல தற்காப்பு ஆகாது. சண்டையில் சம்பந்தமில்லாத, அந்தச் சரக்கை வழக்கமாக வாங்கும் நாலைந்து பேரிடம் காட்டி எடுத்து வைத்துவிடுங்கள். மறுநாள் எதிர்த்தரப்பு முத்திரையை மட்டும், இரண்டு மீட்டர் தள்ளி நின்று காட்டி, நேற்றுப் பார்த்ததுதானா என்று கேளுங்கள். பெயர்களைத் தமிழிலும் மலாயிலும் போன் வழியாகச் சொல்லிப் பாருங்கள். இது கோர்ட் ஆதாரம் ஆகாது. ஆனால் மேசையில் எண்ணுவதைவிடச் சட்டத்தின் கேள்விக்கு மிக நெருக்கமான சோதனை.

உண்மையில் யாராவது குழம்பியிருந்தால் அதன் சான்று மிகப் பெரிது. மாறி வந்த வாட்ஸ்அப் ஆர்டர், தவறான கடைக்குப் போன இன்வாய்ஸ், திருப்பிக் கொடுத்த பாக்கெட் ஆகியவற்றைத் தேதியோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். ஆனால் அது இல்லாததால் மீறல் இல்லை என்று முடிக்காதீர்கள், குழம்ப வாய்ப்பு இருந்தாலே போதும். கெட்ட எண்ணம் இருந்ததா என்றும் நிரூபிக்க வேண்டியதில்லை. எதிர்த்தரப்பு அந்தப் பதிவுக்கு முன்பிருந்தே தொடர்ந்து நேர்மையாக அதே பெயரை வைத்திருந்தால் அவருக்குச் சட்டம் இடம் தருகிறது. பழைய பாக்கெட் அச்சு ஆர்டர்களும் தேதியிட்ட பில்களும் அப்போது அவரைக் காப்பாற்றும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் மினிமார்க்கெட்டுகளுக்கு "அந்தப் பிராண்டை விற்றால் வழக்குப் போடுவோம்" என்று எழுதும் வழக்கத்தை உடனே நிறுத்துங்கள். ஆதாரமற்ற மிரட்டலுக்கு 61ஆம் பிரிவு பரிகாரம் தருகிறது. தயாரிப்பவருக்கு எழுதுவது ஒன்று, அவர் சரக்கை வாங்கி விற்கும் கடைக்காரரை மிரட்டுவது வேறொன்று. இரண்டாவதில் புகார் தந்தவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். முத்திரை பதிவாகியிருக்கிறது என்று தகவல் மட்டும் தெரிவிப்பதில் ஆபத்து இல்லை.

வடிவமைப்பாளர்களுக்குப் போகும் ஆர்டரிலும் ஒரு மாற்றம் வேண்டும். இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும் ரெடிமேட் மயில் படத்தையும் வேல் படத்தையும் எடுத்து லோகோ போட்டால் அதே படம் பத்துக் கடையில் நிற்கும். பல தளங்களின் உரிம விதியே அந்தப் படங்களை வர்த்தக முத்திரையாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அச்சுக்கு முன் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவின் தளத்தில் பெயரையும் படத்தையும் தேடுங்கள். படத்தை வியன்னா வகைப்பாட்டு (முத்திரைப் படங்களை வகைபிரிக்கும் சர்வதேசப் பட்டியல்) எண்ணால் தேடலாம். பறவைகள் 3.7இல் வரும், யானை 3.2.1இல் வரும். டிஎம்வியூ என்ற முத்திரைத் தேடல் தளம், உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவின் உலக பிராண்டு தரவுத்தளம் இரண்டும் இலவசம். தேடிய நாளின் ஸ்கிரீன்ஷாட்டைக் கோப்பில் வையுங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. அறிவுசார் சொத்து அதிகாரப்பூர்வ இதழில் புதிய விண்ணப்பம் வெளியான நாளிலிருந்து எதிர்ப்புத் தெரிவிக்க இரண்டு மாதம்தான் இருக்கிறது. உங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்த இதழைத் திறந்ததே இல்லை. சங்கத்துக்கு ஒருவர் என்று பொறுப்புக் கொடுத்து, 29, 30, 35 (சில்லறை விற்பனைச் சேவை), 43 ஆகிய வகைகளைத் தவறாமல் பார்க்கச் சொல்லுங்கள். உறுப்பினர்களின் பெயரையும் படத்தையும் ஒரு தாளில் பட்டியலிட்டு அவர் கையில் கொடுங்கள். பட்டியல் தயாரிக்கவும், ரோமன் எழுத்துக்கூட்டல்களை விரித்து எழுதவும் நாங்கள் கட்டணம் இல்லாமல் வருகிறோம். எந்த நாள் வசதி என்று உங்கள் செயற்குழு தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
பினாங்கிலும் கோலாலம்பூரிலும் லேபிள் வடிவமைப்பு, வர்த்தக முத்திரைப் பதிவுத் தொழில்களில் உள்ளோர்